கொரிய மேனேஜர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், நான் மட்டும் ஏன் இப்படி?

கேள்வி: வயது 36. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நிறுவனத்தில் குவாலிட்டி பிரிவில் வேலை. பயிற்சிக்காக இரண்டு வருடம் கொரியாவில் இருந்தேன். அதுவரை எப்போதாவது நண்பன் கல்யாணத்தில் ஒரு பீர், அதோடு சரி. அங்கே வாரத்தில் இரண்டு மூன்று நாள் டீம் டின்னர், மேனேஜர் ஊற்றினால் மறுக்க முடியாது. ஊருக்குத் திரும்பி நான்கு வருடமாகிறது. இப்போது தினமும் ராத்திரி மொட்டை மாடியில் தனியாக ஒரு குவார்ட்டர், சில நாள் அதற்கும் மேல். குடித்தால்தான் தூக்கம் வருகிறது, ஆனால் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. காலையில் கை லேசாக நடுங்கும். எதிலும் பிடிப்பில்லை, சில நாள் எழுந்திருக்காமலே போயிருக்கலாம் என்றுகூடத் தோன்றும். ஒரு டாக்டர் டிப்ரெஷன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார், குடிப்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. மனைவி சாப்பாட்டில் ஏதோ பொடி கலக்கிறாள் என்று சந்தேகம். போன மாதம் குடித்த கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துச் சாகக் கிடந்தேன். என் கொரிய மேனேஜர்கள் என்னைவிட அதிகம் குடிக்கிறார்கள், காலை எட்டு மணிக்கு உற்பத்தி லைனில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வராத மன வியாதி எனக்கு மட்டும் ஏன்? நம் ஊரில் குடியைப் பாவம் மாதிரிப் பார்ப்பதால் வந்த குற்ற உணர்ச்சிதானா இது? டிசம்பரில் வருடக் கடைசி டின்னர் வேறு வருகிறது.

பதில்: நீங்கள் கேட்டதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், எழுந்திருக்காமலே போயிருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அந்த எண்ணம் எத்தனை நாளாக இருக்கிறது, எதையாவது செய்து கொள்ளலாம் என்கிற அளவுக்குப் போகிறதா என்பது எனக்குத் தெரியாது, அதனால் அது உண்டு என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்: இன்றைக்கு ராத்திரி மாடிக்குப் போவதற்கு முன்னால் இதை மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்தோ, சேர்ந்துபோன மாத்திரைகளோ இருந்தால் அவரிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். எண்ணம் அதிகமானால் 14416க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், அரசின் டெலிமானஸ் எண் அது, தமிழில் பேசுவார்கள். உயிர் போகிற மாதிரி நெருக்கடி என்றால் போனெல்லாம் வேண்டாம், பக்கத்து அரசு மருத்துவமனை எமர்ஜென்சிக்கு நேரே போய்விடுங்கள். இதைப் பெரிதுபடுத்துவதாக நினைக்காதீர்கள். சோர்ந்துபோன மனசு நிதானத்தில் இருக்கும்போது வெறும் எண்ணமாக நின்றுவிடுவது, உள்ளே போதை இருக்கும் நேரத்தில் செயலாகிவிடுவதை மனநல மருத்துவத்தில் இருக்கிற நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன்.

அவர்களுக்கு மன வியாதி வரவில்லை என்று யார் சொன்னது? நீங்கள் பார்ப்பது காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு லைனில் நிற்கிற ஆளை. வளர்ந்த நாடுகளின் ஓஇசிடி அமைப்பில் தற்கொலை விகிதத்தில் 2003லிருந்து பெரும்பாலான வருடங்கள் முதலிடத்தில் இருப்பது தென்கொரியா. அந்த நாட்டு அரசு 2021இல் எடுத்த மனநலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையாவது குடிநோய்க் கட்டத்துக்குப் போனவர்கள் 11.6 சதவீதம். மனச்சோர்வு 7.7 சதவீதம். அதாவது மனச்சோர்வைவிடக் குடிநோய் அதிகம். உங்கள் மேனேஜர்களில் யார் எந்தக் கணக்கில் வருகிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் குடிப்பது உங்கள் ஆபீசில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே மாதிரிதான். நீங்களும் எட்டு மணிக்கு நிற்கிறவர்தானே.

அடுத்தது அளவு. அவர்கள் உங்களைவிட அதிகம் குடிக்கிறார்கள் என்கிறீர்கள். அங்கே மேஜையில் இருக்கும் பச்சைப் பாட்டில் சோஜு 360 மில்லி, இப்போதெல்லாம் 16, 17 சதவீதம்தான் ஆல்கஹால். ஒரு முழுப் பாட்டிலில் 47 கிராம் சொச்சம். நம் டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, ஆனால் 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் 60 கிராம். மாடியில் நீங்கள் ஒற்றை ஆளாகக் காலி செய்கிற குவார்ட்டர், ஒரு பாட்டில் சோஜுவைத் தாண்டிவிட்டது. அவர்கள் பன்றி இறைச்சியைச் சுட்டுச் சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் இழுக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு நேரத்தில் முடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நம் ஊர் வழக்கத்தைப் பார்த்தால் அரைமணிக்கு மேல் இருக்காது, சைடிஷ் ஒரு மிக்சர் பாக்கெட்டாக இருக்கும். காலி வயிற்றில் வேகமாகப் போவது வேறு, சாப்பாட்டோடு மெதுவாகப் போவது வேறு. இதைச் சொல்வதால் அவர்கள் முறை நல்லது என்று ஆகிவிடாது. அதே ஆட்கள் இரண்டாவது கடை, மூன்றாவது கடை என்று போய், சோஜுவையும் பீரையும் கலந்து குடித்து நடைபாதையில் விழுந்து கிடப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்த டீம் டின்னரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொரியாவில் அதற்கு ஹ்வேசிக் என்று பெயர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவருக்கு இரண்டு கையால் ஊற்ற வேண்டும், அவர் முன்னால் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், உன் கிளாசை நீயே நிரப்பக் கூடாது, வேறொருவர்தான் நிரப்ப வேண்டும். பகலில் வாய் திறக்க முடியாத ஜூனியர் அன்றைக்கு மட்டும் மேனேஜரிடம் மனசில் இருப்பதைச் சொல்லலாம், காலையில் அது மறக்கப்படும். இறுக்கிக் கட்டின ஒரு வேலைச் சமூகம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட வடிகால் அது. மொழி தெரியாத ஊரில், ஹாஸ்டல் அறையில் ஒண்டியாக இருந்த உங்களுக்கு அந்த மேஜை என்ன கொடுத்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நாலு பேர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தட்டில் கறியை வைத்து, கிளாசை நிரப்பினார்கள். குடி அங்கே துணைக்கு வந்ததுதான். ஊருக்குத் திரும்பும்போது மேஜையும் ஆட்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள், சரக்கு மட்டும் கூட வந்துவிட்டது. இப்போது மாடியில் அது பார்க்கிற வேலையே வேறு, தூங்க வைப்பதும் யோசனையை நிறுத்துவதும்தான். கொரியாவிலும் இப்போது தனியாகக் குடிப்பது பெருகியிருக்கிறது, அதற்கு ஹொன்சுல் என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். எந்த ஊராக இருந்தாலும், தனியாக, தூக்கத்துக்காக, தினமும் என்ற மூன்றும் ஒரு ஆளிடம் சேர்ந்துவிட்டால் எங்களுக்குக் கவலை வந்துவிடும்.

குற்ற உணர்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதி சரி. குடி மனிதனை எப்படி ஆட்டுவிக்கும் என்பதில் சமூகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1950களில் ட்வைட் ஹீத் என்ற மானிடவியலாளர் கிழக்கு பொலிவியாவில் கம்பா மக்களோடு போய் இருந்தார். அவர்கள் குடித்தது 89 சதவீத ஆல்கஹால், கிட்டத்தட்ட ஸ்பிரிட். திருவிழாவுக்கும் வார இறுதிக்கும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் இன்னொருவருக்கு ஊற்றிக் கொடுத்து, மயங்கி விழுந்து எழுந்து மறுபடி குடிப்பார்கள். சண்டை இல்லை, அழுகை இல்லை, தனியாகக் குடிப்பவர் என்று ஒருவரை அவர் காணவில்லை. குடித்தால் கை நீட்டத்தான் செய்வான் என்று நம் ஊரில் ஒரு சமாதானம் சொல்கிறோமே, அந்த வீரம் பாட்டிலில் இருந்து வருவதில்லை, குடித்தவனுக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் சலுகையில் இருந்து வருகிறது. (ஈரல் விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. ஒயினைச் சாப்பாட்டின் பகுதியாகவே வைத்திருந்த பிரான்சிலும் ஈரல் சுருங்கிச் செத்தவர்கள் ஏராளம். அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஒயின் கொடுப்பதை நிறுத்தியதே 1956இல்தான்.)

நம் ஊர்க் கதை வேறு. அதியமான் ஔவைக்குக் கள் ஊற்றிக் கொடுத்ததைப் பாடி வைத்திருக்கிற மொழி நம்முடையது, ஆனால் போன நூற்றாண்டில் நமக்கு வாய்த்தது மதுவிலக்கும் அதன் ஓட்டைகளும். 1937இல் சேலத்தில் ஆரம்பித்தது, அப்புறம் மாகாணம் முழுக்க வந்தது, 1971இல் தளர்த்தினார்கள், 1974இல் மறுபடி மூடினார்கள், 1981இல் திறந்தார்கள், 1983இல் டாஸ்மாக், 2003லிருந்து சில்லறை விற்பனையும் அரசே. இந்தத் திறந்து மூடும் விளையாட்டில் வீட்டில், சாப்பாட்டு மேஜையில், பெண்களும் இருக்கிற இடத்தில் நிதானமாகக் குடிப்பது என்ற ஒன்று நமக்குப் பழக்கமாகவே இல்லை. ஒளிந்து, அவசரமாக, ஏறுவதற்காகவே குடிப்பதுதான் பழகியது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். குடிக்கிறவர் ஒரு பக்கம், அதன் கஷ்டத்தை அனுபவிக்கிறவர் இன்னொரு பக்கம் என்று வீடே இரண்டாகப் பிரிந்திருக்கிற சமூகத்தில், குடிக்கிற ஆணுக்கு வெட்கம் இருக்கத்தான் செய்யும். அந்த வெட்கம் உங்களை மாடிக்கு அனுப்பியது, டாக்டரிடம் பொய் சொல்ல வைத்தது. அந்த அளவுக்கு உங்கள் கேள்வி சரி.

ஆனால் வெட்கம் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், கொரியாவையே பாருங்கள். அங்கே குடிப்பதில் ஆணுக்கு வெட்கமே கிடையாது, குடித்திருந்தான் என்பதைக் காட்டி நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைத்த காலமெல்லாம் இருந்தது. 2008இல் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில் குற்றவாளி குடித்திருந்தான் என்று சொல்லி 12 வருடத்தோடு விட்டார்கள், நாடே கொதித்தது, பொதுவான தண்டனைச் சட்டத்தை 2018இல்தான் திருத்தினார்கள். சரி, வெட்கமில்லாத அந்த நாட்டில் குடிநோயாளிகள் சிகிச்சைக்கு வரிசையில் நிற்கிறார்களா? அதே 2021 கணக்கெடுப்பில், குடிநோய் உள்ளவர்களில் மனநல சிகிச்சை பக்கம் வந்தவர்கள் 2.6 சதவீதம். இந்தியாவில், 2019 ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள், அதுவும் 2.6 தான். இரண்டும் வேறு வேறு விதமாக எடுத்த ஆய்வுகள், எண் ஒத்துப்போனது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அங்கே எல்லோரும் குடிக்கிறார்கள், இதில் என்ன வியாதி என்று யாரும் வருவதில்லை. இங்கே வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று வருவதில்லை. நீங்கள் இரண்டையும் சுமக்கிறீர்கள். மாடியில் இருக்கும்போது கொரியச் சமாதானம், டாக்டர் முன்னால் தமிழ்நாட்டு வெட்கம்.

இனி உடம்பு. ராத்திரி குவார்ட்டர் மூளையை அமுக்குகிறது, அதனால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கிறது. நாலைந்து மணி நேரத்தில் அது இறங்கும்போது, அமுக்கி வைத்திருந்ததெல்லாம் ஸ்பிரிங் மாதிரி எழும்புகிறது. அந்த மூன்று மணி முழிப்பும் படபடப்பும் காரணமே இல்லாத பயமும் அதுதான். காலைக் கைநடுக்கமும் அதன் மிச்சம்தான். அடுத்த நாள் சோர்வு, அந்தச் சோர்வுக்கு மறுபடி ராத்திரி. இப்படியே மாதக்கணக்கில் போனால் மனச்சோர்வு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எது முதலில் வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. குடியை முழுசாக நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆனபிறகு மறுபடி பார்க்க வேண்டும். நிறையப் பேருக்கு அதற்குள்ளேயே மனசு தெளிந்துவிடும், அப்படியானால் சோர்வைக் கொண்டு வந்ததே குடிதான். தெளியவில்லை என்றால் உள்ளே தனியாக மனச்சோர்வு இருக்கிறது, அதற்கு மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் தொடரும். உங்களுக்கு மாத்திரை எழுதிய டாக்டர் இந்த விவரம் எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறார், அது அவர் தப்பில்லை. அந்த மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், ஆனால் நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கள். கூடவே தூக்க மாத்திரை ஏதாவது மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறீர்களா? சரக்கோடு அது சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

இதைப் படித்துவிட்டு ரோஷத்தில் இன்றைக்கே பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். காலையில் கை நடுங்குகிற ஆள் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. சாமிக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தியவர்களில் சிலர் மூன்றாம் நாள் ஏதோ பிடித்துக்கொண்டது என்று சொல்லி எங்களிடம் தூக்கி வரப்படுவார்கள், பிடித்தது சாமியும் இல்லை, பேயும் இல்லை. மருத்துவமனையில் ஒரு வாரம் பத்து நாள் வைத்து, குறைத்துக்கொண்டே வரும் மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து இதைப் பாதுகாப்பாகக் கடக்க வைக்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கிறது. அடைத்து வைத்து அடிக்கிற ‘மறுவாழ்வு மையங்கள்’ சில உண்டு, டாக்டர் யார் என்று கேட்டால் பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது, நீங்கள் அங்கே நோயாளி, கைதி இல்லை. அதற்குப் பிறகு ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மருந்துகள் இருக்கின்றன, எது பொருந்தும் என்பதை ஈரல் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் முடிவு செய்வார்.

பொடி விஷயம். பாக்கெட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து மாதிரி இருக்கிறது. ஆல்கஹால் உடம்பில் உடையும்போது நடுவில் ஒரு நச்சுப் பொருள் உண்டாகும், அதை அடுத்த கட்டத்துக்கு உடைக்கிற என்சைமை இந்த மருந்து பூட்டிவிடும், நச்சு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், பிரஷர் இறங்கும். உங்கள் டீமில் ஒரு கிளாசிலேயே தக்காளி மாதிரிச் சிவந்துபோகிற கொரியர் ஒருவராவது இருந்திருப்பாரே? கொரியர்களில் பத்தில் சுமார் மூன்று பேருக்கு அதே என்சைம் பிறவியிலேயே மந்தம். உடம்பு வேண்டாம் என்று கத்தியும் மேனேஜருக்காக அவர்கள் குடிக்கிறார்கள், அவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம். டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான், நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் கொடுத்தால். தெரியாமல் சாம்பாரில் கலந்தால் ஆளே போய்விடலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும்.

மனைவி மேல் கோபம் இருக்கும். கொஞ்சம் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள், நான்கு வருடமாக மாடிப்படியில் உங்கள் காலடிச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பழகியிருப்பார். யாரிடமும் கேட்க முடியாமல் ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்த்து வாங்கியிருப்பார். அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், சண்டை போடுவதற்கு இல்லை, அவருக்கும் தூக்கம், பயம், சோர்வு எல்லாம் இருக்கும், அதையும் யாராவது கேட்க வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் குழுக்கள் சென்னையில் நடக்கின்றன.

டிசம்பர் டின்னர். முதல் வருடம் போகாமல் இருந்துவிட்டால் நல்லது, குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஊரில் வேலை, எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், இந்தப் பொய்யை நான் மன்னிக்கிறேன். போயே தீர வேண்டும் என்றால், மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். கொரியர்களிடம் எடுபடுகிற காரணம் அது, உண்மையும்கூட. வண்டி ஓட்ட வேண்டும் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர்கள் உடனே ஒரு டிரைவருக்குப் போன் போடுவார்கள். காலியான கிளாசைத்தான் நிரப்புவார்கள், நிறைந்த கிளாசில் மேலே ஊற்றுவது அவர்கள் வழக்கம் இல்லை. அதனால் உங்கள் கிளாசில் முன்கூட்டியே ஸ்பிரைட்டோ தண்ணீரோ நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போய் எல்லோருக்கும் இரண்டு கையால் ஊற்றிக் கொடுங்கள், மரியாதை அதிலேயே நிறைவேறிவிடும். யாராவது ரொம்ப வற்புறுத்தினால் பயப்படத் தேவையில்லை. 2007இலேயே சியோல் உயர் நீதிமன்றம் ஊழியரைக் குடிக்கக் கட்டாயப்படுத்தியது சட்டவிரோதம் என்று சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது. 2019இல் பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிராகக் கொண்டுவந்த விதிகளிலும் குடிக்க வற்புறுத்துவது வருகிறது. அந்தச் சட்டம் ஸ்ரீபெரும்புதூரில் செல்லாது, ஆனால் உங்கள் மேனேஜருக்கு அது தெரியும். ஒன்பது மணிக்கு, முதல் கடை முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். இரண்டாவது கடைக்குப் போகிற காரில் ஏற வேண்டாம், மனைவியை ஒன்பது மணிக்குப் போன் செய்யச் சொல்லி வையுங்கள்.